மிருதங்கத்தில் மணல் தூவிய விஞ்ஞானி



போன வாரம் அறிவியல் சார் நட்சத்திரத்தோட சத்தத்தைப் போட்டுக் காட்டினார். நட்சத்திரத்துக்கு ஏது சத்தம்னு எல்லாரும் சிரிச்சோம். நட்சத்திரம் அதிரும்போது அதன் ஒளி லேசாகக் கூடிக் குறையுமாம். நம்ம சூரியனே ஏறக்குறைய 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை அதிருது. அதை 6000 மடங்குக்கு மேல் வேகப்படுத்தினால்தான் நம் காதுக்கு எட்டும். வெளிநாட்டில் இப்படி நட்சத்திர ஒளியை இசைக்கருவி ஒலியாக மாற்றிப் பாட்டே அமைக்கிறார்கள்.

அதைக் கேட்டதும் எனக்கு சர் சி.வி. ராமன் ஞாபகம்தான் வந்தது. ஏன் என்று சொல்றேன்.

ராமன் 1888 நவம்பர் 7-இல் திருச்சி பக்கம் திருவானைக்காவலில் பிறந்தார். அப்பா வயலின் வாசிப்பார். ராமன் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து 1907-இல் எம்.ஏ. முடித்தார். அதே வருஷம் கல்யாணம். மனைவி லோகசுந்தரி வீணை வாசிப்பார். கல்கத்தாவில் அரசாங்கக் கணக்கு அதிகாரி வேலை. ஆபீஸ் நேரம் போக மீதி நேரமெல்லாம் பௌபஜார் தெருவில் இருந்த ஆராய்ச்சிக் கூடத்தில்தான். வயலின் வாசிக்க ஓர் இயந்திரமே செய்து வைத்திருந்தார்! 1917-இல் அந்தப் பெரிய சம்பள வேலையை விட்டுட்டு, குறைஞ்ச சம்பளத்துக்குப் பேராசிரியர் ஆனார். எங்க வீட்டில் யாராவது அப்படிச் செய்தா அம்மா சும்மா விடமாட்டாங்க.

சாதாரண மேளத்தை அடித்தால் பல அதிர்வுகள் ஒன்றோடொன்று சேராமல் இரைச்சலாக வரும். மிருதங்கத்தில் மட்டும் ஏன் சுருதி சேருது? ராமன் தோலின் மேல் மெல்லிய மணலைத் தூவி அடித்துப் பார்த்தார். அதிராத இடத்தில் மணல் கோடாக நின்றது. சத்தத்தைக் கண்ணால் பார்த்துட்டார்! வலது பக்கம் நடுவில் கறுப்பாக வட்டம் இருக்குமே, அந்தப் பசையின் கனம்தான் அதிர்வுகளை 1, 2, 3, 4, 5 என்ற கணக்கில் ஒழுங்காக்குது. 1920-இலும் 1934-இலும் இதை எழுதினார். பழங்காலத்து நம்மவர்களின் இசை அறிவைப் பாராட்டியும் எழுதினார். ஆனா அந்தப் பசையை முதன்முதல்ல தடவிப் பார்த்தவர் பேர்தான் யாருக்கும் தெரியாது.

1928 பிப்ரவரி 28-இல் ராமன் விளைவு. திரவத்துக்குள் ஒரு நிற ஒளியை விட்டால், சிதறி வரும்போது கொஞ்சம் வேறு நிறமும் கூட வருது. உள்ளே மூலக்கூறு எப்படி அதிருதுன்னு அந்த நிற மாற்றம் காட்டிக் கொடுத்துடும். நட்சத்திரக் கதையும் இதே மாதிரிதானே? அதிர்வைக் காதால் கேட்க முடியலைன்னா ஒளியிடம் கேட்கணும். கூடவே உழைத்தவர் கே.எஸ். கிருஷ்ணன், நம்ம வத்திராயிருப்புக்காரர். 1930-இல் ராமனுக்கு நோபல் பரிசு, 1954-இல் பாரத ரத்னா. 1970 நவம்பர் 21-இல் பெங்களூரில் காலமானார்.

எங்க மாமா தெருக்கூத்துக்கு மிருதங்கம் வாசிப்பார். ஞாயிற்றுக்கிழமை அவர் தூங்கும்போது அதில் கோலமாவைத் தூவித் தட்டினேன். கோடு சரியா வரலை. சத்தம் கேட்டு எழுந்த மாமா நல்லாத் திட்டினார். தோல் வாங்க என்ன விலை தெரியுமான்னு கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் கறுப்பு வட்டத்தையே பார்த்துட்டு, மாவு வேணாம், ஆத்து மணலைச் சலிச்சு எடுத்துட்டு வான்னார்.

- 9-ஆம் வகுப்பு மாணவி