வெண்டல் ஜோன்சன்

வெண்டல் ஜோன்சன் (ஏப்ரல் 16, 1906 - ஆகஸ்ட் 29, 1965) அமெரிக்க உளவியலாளரும் பேச்சு நோயியல் அறிஞரும் ஆவார். திக்குவாய் எவ்வாறு தோன்றுகிறது என்பது பற்றி இவர் முன்வைத்த கோட்பாடு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அமெரிக்கப் பெற்றோருக்கும் பேச்சுச் சிகிச்சையாளர்களுக்கும் வழிகாட்டியாக விளங்கியது. ஜோன்சனே திக்கிப் பேசுபவர். இவரது மேற்பார்வையில் 1939-இல் அனாதைக் குழந்தைகளிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு, இவர் இறந்து பல ஆண்டுகள் கழித்துப் பெரும் கண்டனத்துக்கு உள்ளானது.

இளமை

ஜோன்சன் கன்சாஸ் மாநிலத்திலுள்ள ராக்ஸ்பரி என்னும் சிற்றூரில் வேளாண் குடும்பமொன்றில் பிறந்தார். பள்ளியில் சேர்ந்த காலத்தில், இவர் திக்குவதாக ஆசிரியர் ஒருவர் பெற்றோரிடம் கூறினார். அதன் பின்னரே வீட்டில் இவரது பேச்சை உற்றுக் கவனிக்கத் தொடங்கினர் என்று ஜோன்சன் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். இவரது கோட்பாட்டின் விதை இந்த நினைவில் இருக்கிறது எனலாம். குணப்படுத்துவதாகச் சொன்ன பலரிடமும் குடும்பத்தினர் இவரை அழைத்துச் சென்றும் பலன் கிட்டவில்லை.

மக்பர்சன் கல்லூரியில் சில காலம் பயின்ற பின், திக்குவாய் பற்றி ஆராயும் ஓரிடம் உள்ளது என அறிந்து 1926-இல் அயோவா பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அங்கேயே இளங்கலை (1928), முதுகலை (1929), முனைவர் (1931) பட்டங்களைப் பெற்றார். முதுகலை ஆய்வேடு தன் திக்கலைப் பற்றிய தன்வரலாறாகவே அமைந்தது. அது 1930-இல் நூலாக வெளிவந்தது. 1929-இல் எட்னா பாக்வோல்ட் என்பவரை மணந்தார். இவர்களின் மகன் நிக்கோலஸ் ஜோன்சன் பின்னாளில் அமெரிக்கக் கூட்டரசின் தகவல் தொடர்பு ஆணையத்தில் உறுப்பினராகப் பணியாற்றினார்.

அயோவா ஆய்வுக்கூடம்

அக்காலத்தில் அயோவாவில் லீ எட்வர்ட் டிராவிஸ், சாமுவேல் ஆர்ட்டன் ஆகியோர் திக்குவாய்க்கு மூளையே காரணம் எனக் கருதினர். மூளையின் இரு பாதிகளுள் ஒன்று மற்றதன் மீது போதிய ஆதிக்கம் பெறாததால் பேச்சுத் தசைகளுக்குச் செல்லும் கட்டளைகள் குழம்புகின்றன என்பது அவர்களது கருத்து. இதன்படி, வலக்கைப் பழக்கத்தை மாற்றி இடக்கையைப் பயன்படுத்தினால் பேச்சு சீராக வேண்டும். ஜோன்சனின் வலக்கைக்கு மாவுக்கட்டுப் போடப்பட்டது. எழுதுவது உட்பட எல்லா வேலைகளையும் இடக்கையால் செய்யப் பழகினார், திக்கல் குறையவில்லை. திக்கிப் பேசும் மாணவர்களே ஒருவருக்கொருவர் சோதனைப் பொருளாகவும் இருந்தனர். பின்னாளில் இத்துறையின் மற்றொரு முன்னோடியான சார்ல்ஸ் வான் ரைப்பரும் அவர்களுள் ஒருவர். ஆய்வு என்ற பெயரில் இத்தகைய தொல்லைகளை ஏற்பது அங்கே இயல்பாகக் கருதப்பட்டது என்பதைப் பின்னர் நடந்ததைப் புரிந்துகொள்ள மனதில் கொள்ள வேண்டும்.

கோட்பாடு

தன் உடலிலேயே பொய்த்த கொள்கையை விட்டு ஜோன்சன் விலகினார். 1930-களின் நடுவில் ஆல்பிரட் கோர்சிப்ஸ்கியின் பொதுச் சொற்பொருளியல் இவரை ஈர்த்தது. ஒரு பொருளுக்கு நாம் இடும் பெயர் அப்பொருள் அன்று. ஆயினும் பெயரையே பொருளாகக் கொண்டு நடந்து கொள்கிறோம் என்பது அதன் மையக் கருத்து. இதைத் திக்குவாய்க்குப் பொருத்தினார் ஜோன்சன். பேசக் கற்கும் எல்லாக் குழந்தைகளும் தயங்கும், அசைகளையும் சொற்களையும் திரும்பச் சொல்லும். கவலை மிகுந்த பெற்றோர் ஒருவர் அதற்குத் திக்குவாய் எனப் பெயரிட்டுத் திருத்த முற்படும்போது, குழந்தை பேச அஞ்சுகிறது, தடங்கலைத் தவிர்க்கப் போராடுகிறது, அந்தப் போராட்டமே உண்மையான திக்கலாக முதிர்கிறது. ஆகவே கோளாறு தொடங்குவது குழந்தையின் வாயில் அல்ல, கேட்பவரின் காதில் என்பது இவரது வாதம். நோய் என்று தீர்மானிப்பதே நோயை உண்டாக்குகிறது என்பதால் இது நோயறிதல் விளைவுக் கோட்பாடு எனப்படுகிறது.

இதற்குச் சான்றாக, ஐடஹோ மாநிலத்தின் பானக், சோசோனி பழங்குடியினரிடையே திக்குவாயர் எவரும் இல்லை, அதைக் குறிக்கும் சொல்லும் அவர்கள் மொழியில் இல்லை என 1944-இல் எழுதினார். இது தவறு. அவர்களிடையே திக்குவோர் இருந்ததும், அதைக் குறிக்கப் பல சொற்கள் வழங்கியதும் 1983-இல் வெளியான ஆய்வில் எடுத்துக்காட்டப்பட்டன.

டாவன்போர்ட் ஆய்வு

1939 சனவரி முதல் மே வரை, ஜோன்சனின் முதுகலை மாணவி மேரி டியூடர், டாவன்போர்ட் நகரிலிருந்த அயோவா படைவீரர் அனாதை இல்லத்தின் 22 குழந்தைகளிடம் ஆய்வு நடத்தினார். இவர்களில் பத்துப் பேர் திக்குபவர்கள் என ஏற்கனவே இல்லத்தாரால் கருதப்பட்டவர்கள். மற்றோர் இயல்பாகப் பேசியவர்கள். இயல்பாகப் பேசிய ஆறு குழந்தைகளிடம், அவர்களுக்குத் திக்குவாய் தொடங்கிவிட்டது, எப்படியாவது அதை நிறுத்த வேண்டும், சரியாகப் பேச முடியாவிட்டால் பேசவே கூடாது என்று சொல்லப்பட்டது. இல்லத்தின் பணியாளர்களும் அவர்களைத் திருத்திக் கொண்டிருக்குமாறு பணிக்கப்பட்டனர். என்ன செய்யப்படுகிறது என்று குழந்தைகளுக்குத் தெரியாது. அவர்கள் சார்பில் கேட்பதற்குப் பெற்றோரும் இல்லை.

சில வாரங்களில் அக்குழந்தைகள் பேசத் தயங்கினர், ஓரிரு சொற்களில் விடையளித்தனர், வகுப்பில் ஒதுங்கினர். ஆய்வு முடிந்த பின் டியூடர் சிலமுறை மீண்டும் அங்கு சென்று, அவர்களது பேச்சில் குறையில்லை எனத் தேற்ற முயன்றார். அவரது ஆய்வேடு பல்கலைக்கழக நூலகத்தில் வைக்கப்பட்டது. ஆனால் இதழ் எதிலும் கட்டுரையாக வரவில்லை. ஜோன்சனும் தம் நூல்களில் அதைக் குறிப்பிடவில்லை. உள்வட்டத்தில் மட்டும் அது அரக்க ஆய்வு என்ற பெயரில் அறியப்பட்டிருந்தது.

2001-இல் சான் ஓசே மெர்க்குரி நியூஸ் நாளிதழ் இதை விரிவாக வெளியிட்டது. முதியவர்களாகிவிட்டிருந்த சிலர், தாங்கள் ஓர் ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டதை அப்போதுதான் அறிந்தனர். பல்கலைக்கழகம் அதே ஆண்டு மன்னிப்புக் கோரியது. வழக்கின் முடிவில், 2007-இல் அயோவா மாநிலம் 9,25,000 டாலர் இழப்பீடு வழங்க இணங்கியது.

ஆய்வேட்டின் தரவுகளை மறுஆய்வு செய்த நிக்கோலின் அம்புரோஸ், எகூட் யாயிரி ஆகியோர், பெயரிடப்பட்டதால் எந்தக் குழந்தையும் திக்குவாயராக மாறியதற்குச் சான்றில்லை என 2002-இல் எழுதினர். அதாவது குழந்தைகளுக்கு அச்சமும் கூச்சமும் நேர்ந்தன, கோட்பாடோ நிறுவப்படவில்லை. இந்த முடிவு கையில் இருந்தும் ஜோன்சன் தம் கோட்பாட்டைத் தொடர்ந்து பரப்பியதே அறிவியல் நோக்கில் இவர்மீது வைக்கப்படும் கடுமையான குறை.

பிற பணிகள்

அயோவாவின் பேச்சு மருத்துவ நிலையத்தைப் பல ஆண்டுகள் நடத்திய ஜோன்சன், பேச்சுக் குறைபாடுகளுக்கான ஆய்விதழின் ஆசிரியராகவும், 1950-இல் அமெரிக்கப் பேச்சு, செவிப்புலன் சங்கத்தின் தலைவராகவும் இருந்தார். 1946-இல் வெளிவந்த இவரது பொதுச் சொற்பொருளியல் நூல் பொதுவாசகர்களிடமும் புகழ் பெற்றது. எட்ட முடியாத இலட்சியம், அதனால் ஏமாற்றம், அதனால் மனச்சோர்வு என்னும் சுழலில் மனிதர்கள் சிக்குவதை அதில் விளக்கினார். சிகிச்சையில், திக்கலை மறைக்க முயலாமல், முதல் அசையை வேண்டுமென்றே எளிதாகத் திரும்பச் சொல்லிக் கடந்து செல்லும் முறையைப் பயிற்றினார்.

பேச்சுக் குறைபாடுகள் பற்றி பிரித்தானிக்கா கலைக்களஞ்சியத்திற்காகக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தபோது, 1965-இல் மாரடைப்பால் அயோவா நகரில் காலமானார். பல்கலைக்கழகத்தின் பேச்சு, செவிப்புலன் மையத்துக்கு இவர் பெயர் சூட்டப்பட்டது.

பின்னைய மதிப்பீடு

ஜோன்சனின் கோட்பாட்டால் பெற்றோர் இருவகையில் பாதிக்கப்பட்டனர். குழந்தையின் திக்கலுக்குத் தாங்களே காரணம் என்ற குற்றவுணர்வு ஒன்று. கண்டும் காணாமல் இருங்கள் என்ற அறிவுரையால், சிகிச்சை பெற வேண்டிய குழந்தைகளும் காத்திருக்க நேர்ந்தது மற்றொன்று. இவர் 1959-இல் வெளியிட்ட தரவுகளை 1968-இல் மீளாய்ந்தபோது, திக்குபவர் எனக் கருதப்பட்ட குழந்தைகளிடம் தொடக்கத்திலேயே அசைகள் மீள்வது மற்றக் குழந்தைகளைவிட மிகுதியாக இருந்தது தெரியவந்தது. பெற்றோரின் காது பிழை செய்யவில்லை. திக்குவாயில் மரபணுவின் பங்கு உண்டு என்பதும் இப்போது ஏற்கப்பட்டுள்ளது; அதனோடு தொடர்புடைய மூன்று மரபணுக்கள் 2010-இல் அறிவிக்கப்பட்டன.

1980-களில் சிட்னியில் உருவான லிட்கம் முறை ஜோன்சனின் அறிவுரைக்கு நேர் எதிரானது. இதில் பெற்றோரே பயிற்சி பெற்று, குழந்தை சரளமாகப் பேசும்போது பாராட்டி, இடையிடையே திக்கலையும் இதமாகச் சுட்டிக்காட்டுகின்றனர். பள்ளிக்குச் செல்லாத வயதுக் குழந்தைகளிடம் இம்முறை பலனளிப்பதை 2005-இல் வெளியான ஒப்பீட்டுச் சோதனை காட்டியது. எனினும் சிறு குழந்தைகளில் பெரும்பாலோர் சிகிச்சையின்றியே சீரடைவதால், எவருக்கு எப்போது சிகிச்சையைத் தொடங்குவது என்பதில் வல்லுநர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு உள்ளது. வளர்ந்தவர்களைப் பொறுத்தவரை, சரளம் மட்டுமே குறிக்கோளாகக் கூடாது, அஞ்சாமல் பேசுவதே முதன்மை என்னும் சிகிச்சைப் போக்கு ஜோன்சனும் வான் ரைப்பரும் வளர்த்த அயோவா மரபிலிருந்து வந்ததாகும்.