நுளம்பின் வழியறிந்த மருத்துவர்

அட்டன், நுவரெலியாக் குளிரிலே மலேரியா வேரூன்றியதில்லை. ஆயினும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகத்திலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியாக மாத்தளை நோக்கி நடந்த நம் முன்னோர் பலரை வாந்திபேதியும் காய்ச்சலும் வழியிலேயே மாய்த்தன. தீய காற்றே அக்காய்ச்சலுக்குக் காரணமென்று அந்நாளில் மருத்துவரும் கருதினர். அக்கருத்தை மாற்றியவர் சேர் றொனால்ட் றொஸ். மலைநாட்டு மாணவர் அவசியம் அறியவேண்டிய வரலாறு இவருடையது என்பது என் துணிபு.

1857ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் இமயச் சாரலிலுள்ள அல்மோராவிற் பிறந்த றொஸ், கவிதையிலும் கணிதத்திலும் பெருவிருப்புடையவர். தந்தையாரின் விருப்பத்துக்கு இணங்கியே மருத்துவம் பயின்று, 1881இல் இந்திய மருத்துவ சேவையிற் சேர்ந்தார். 1883இல் பெங்களூரிலே, தம் மனையருகிலிருந்த தொட்டியில் நுளம்புக் குடம்பிகள் நெளியக் கண்டு நீரைக் கவிழ்த்தார். நுளம்புத் தொல்லை குறைந்தது. ஏனைய தொட்டிகளையும் அவ்வாறே கவிழ்க்கலாமென அங்கிருந்த படையதிகாரியிடம் எடுத்துரைத்தார், அவரோ இசைந்திலர்.

1894இல் இலண்டனில் பற்றிக் மான்சன் என்னும் மருத்துவர், மலேரியாவுக்கும் நுளம்புக்கும் தொடர்புண்டென்ற தம் ஊகத்தை இவருக்கு உணர்த்தினார். அன்றுமுதல் நுளம்புகளை அறுத்து ஆராய்வதே றொஸின் தவமாயிற்று. 1897இல் உதகமண்டலத்தையடுத்த சிகூர் மலைச்சரிவுத் தோட்டங்களில் நோயை ஆராயச் சென்று, தாமே காய்ச்சலுற்றார். அவ்வாண்டு ஆகஸ்ட் 20ஆம் நாள், செக்கந்திராபாத்தில், நோயாளியின் குருதியுண்ட அனோபிலிஸ் நுளம்பின் இரைப்பையிலே கிருமியைக் கண்டார். மறுவருடம் கல்கத்தாவிற் பறவைகளை வைத்து ஆராய்ந்து, நுளம்புக் கடியாலேயே நோய் பரவுமென நிறுவினார். 1902இல் நோபெல் பரிசு பெற்றார்.

பரிசோடு அவர் அமையவில்லை. சியராலியோன், மொரீசியசு முதலிய நாடுகளுக்குச் சென்று, தேங்குநீரை அகற்றுமாறு அரசுகளை வற்புறுத்திவந்தார். 1932 செப்டெம்பர் 16இல் மறைந்தார்.

ஈராண்டு கழிந்தது. இலங்கையில் மழை பொய்த்தது. நம் மலையிற் பிறக்கும் களனி முதலான ஆறுகள் தாழ்நிலங்களிற் குட்டைகளாயின, நுளம்பு பெருகிற்று. 1934-35இல் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டனர். கேகாலை பெரிதும் நலிந்தது. பின்னர் அரசு டி.டி.ரி. மருந்தை வீடுதோறும் தெளித்தது. 1963இல் நோயாளர் தொகை 17 ஆயிற்று. விழிப்புத் தளர்ந்ததும், அவ்வறுபதுகளின் இறுதியிலேயே நோய் இலட்சக்கணக்கானோரைப் பீடித்தது. மீண்டும் பல்லாண்டு உழைத்தபின், 2016இலேதான் மலேரியா அற்ற நாடென்ற சான்று கிடைத்தது.

இன்று டெங்கு நுளம்பு சிரட்டையிலும் வெற்றுத் தகரத்திலும் வளர்கிறது. பெங்களூரிலே றொஸ் தொட்டியைக் கவிழ்த்த செயலையே சுகாதாரப் பரிசோதகர் நம் லயன் முற்றங்களிலும் செய்யச் சொல்கிறார். அவருக்கு நாம் இசைவோமாக.