ரோசாப்பூ துரை

கேரள நாட்டுச் செங்கன்னூரில் 1887ஆம் ஆண்டில், சிரியன் கிறித்தவக் குடியொன்றில் தோன்றியவர் ஜார்ஜ் ஜோசப். எடின்பரோவில் தத்துவமும் இலண்டனில் சட்டமும் பயின்று, 1909இல் தாயகம் திரும்பிய அவர், பின்னர் மதுரையில் வழக்கறிஞராக அமர்ந்தார். பாரிஸ்டர் என்றாலே பெரும்பொருள் ஈட்டுபவர் என்று மக்கள் எண்ணிய காலம் அது. இவரை நாடி வந்தோருள்ளோ பொருளில்லாதார் பலர்.

அந்நாளில் மதுரையின் பெருந்தொழில் ஹார்வி பஞ்சாலை. ஆடவரிடம் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் வரை வேலை வாங்கச் சட்டமே இடந்தந்திருந்தது. உலகப் போரினால் நெல்லும் துணியும் விலையேறின. கூலியோ அவற்றோடு ஒப்ப ஏறவில்லை. 1918இல் ஜோசப், வரதராசுலு நாயுடு முதலியோருடன் நின்று, ஆலைத் தொழிலாளர்க்கு ஒரு சங்கம் கண்டார். கூலி உயர்ந்தது, வேலை நேரமும் குறைந்தது. ஆயினும் அவ்வெற்றி நிலைக்கவில்லை. தொழிற்சங்கங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு வந்தது 1926இல்தான். அதற்கு முன்னரே ஆலையும் அரசும் ஒருங்கு சேர்ந்து நெருக்கியமையால் சங்கம் மூடப்பட்டது. முதலிட்டவர் ஆதாயம் நாடுதல் இயல்பே. உழைத்தவர் வயிற்றைக் கணக்கில் எழுத மறந்த வாணிகத்தை நேரிய வாணிகம் என எங்ஙனம் கூறுவது?

ஆலைத் தொழிலாளியின் துயர் இஃதாக, நகருக்கு மேற்கே உசிலம்பட்டிப் புறங்களில் உழவர் பட்ட துயர் இதனினும் கொடிது. குற்றப்பரம்பரைச் சட்டம் பிரமலைக் கள்ளர் சமூகத்தாரைப் பிறப்பினாலேயே குற்றவாளிகளாக எண்ணியது. ஆடவர் கைரேகை பதிய வேண்டும். இரவில் காவல் நிலையத்திற்குச் சென்று படுக்க வேண்டும். இரவில் வயலுக்கு நீர் பாய்ச்ச வேண்டியவன் என் செய்வான்? 1920 ஏப்பிரல் 3ஆம் நாள், பெருங்காமநல்லூரில் ரேகை பதிய மறுத்த மக்கள்மீது காவலர் சுட்டனர். மாயக்காள் என்னும் பெண்ணுள்ளிட்ட பலர் மாண்டனர். ஜோசப் அச்சட்டத்தை எதிர்த்து எழுதினார். நீதிமன்றத்தில் அம்மக்களுக்காக வாதாடினார்.

குடிப்பிறப்பும் மேனாட்டுக் கல்வியும் தமக்குத் திறந்துவிட்ட வாயில்களை அவர் தம் தனியுடைமையாகக் கருதவில்லை. ஒத்துழையாமை இயக்கத்தின்போது வருவாய் மிக்க தொழிலைத் துறந்து சிறை சென்றார். 1924இல் வைக்கத்தில், கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் ஒடுக்கப்பட்டோர் நடக்கும் உரிமைக்காக மீண்டும் சிறை புகுந்தார். பின்னர் மதுரைக்குத் திரும்பி வழக்கறிஞர் தொழிலை மேற்கொண்டார். விருதுநகர் வெடிகுண்டு வழக்கில் காமராசருக்காக வாதாடியவர்களுள் இவரும் ஒருவர்.

1938 மார்ச்சு 5ஆம் நாள் ஜோசப் மதுரையில் மறைந்தார். குற்றப்பரம்பரைச் சட்டம் சென்னை மாகாணத்தில் நீங்கியது 1947இல். அதனைக் காண அவர் இல்லை. ஜோசப்பு என்னும் பெயர் சிற்றூர் மக்கள் நாவில் ரோசாப்பு என்றும் ரோசாப்பூ என்றும் திரிந்தது. அப்பெயரைத் தம் பிள்ளைகளுக்கு இட்டு அழைத்தோர் உசிலம்பட்டிப் பக்கத்தில் உண்டு.