சாயம் படித்த முதலாளி

பெரியகுளத்துக்கும் சேலத்துக்கும் மாம்பழத்தில் தீராத போட்டி. எந்த ஊர்ப் பழம் ஒசத்தி என்று நம் விடுதியில் நடக்காத சண்டையா! அதை விடுங்கள். சேலத்தில் உட்கார்ந்து தமிழ்ப் படத்துக்குக் கலர் கொடுத்த ஒரு மனுஷரைப் பற்றி நம்ம மலரில் எழுதினால் தப்பில்லை. மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர். சுந்தரம்தான் அவர்.

1907-ல் திருச்செங்கோட்டில், நூல் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரம் போய் ஜவுளித் தொழில்நுட்பம் படித்தார். திரும்பி வந்து ஏற்காடு மலையடிவாரத்தில் கட்டியதோ சினிமா ஸ்டுடியோ! 1937-ல் ‘சதி அகல்யா’. 1938-ல் மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’. 1940-ல் ‘உத்தமபுத்திரன்’. எல்லாம் கறுப்பு வெள்ளை.

கறுப்பு வெள்ளைப் படத்துக்கு நிறம் ஏற்றும் வித்தை உலகத்தில் ஊமைப்படக் காலத்திலேயே உண்டு. சக்கம்பட்டித் தறிக்கு நூலை முக்குகிற மாதிரி, பிரிண்ட் போட்ட பிலிமைச் சாயத்தொட்டியில் முக்கி எடுப்பார்கள். ராத்திரிக்கு நீலம், விளக்கு வெளிச்சத்துக்கு மஞ்சள், தீக்குச் சிவப்பு. இன்னொரு முறையில் பிலிமில் இருக்கும் வெள்ளியையே ரசாயனத்தால் நிறமுள்ள உப்பாக மாற்றுவார்கள். முதல் முறையில் வெளுப்பான இடமெல்லாம் நிறம் ஏறும். இரண்டாவதில் இருட்டான இடத்தில்தான் நிறம்; வெளுப்பு வெளுப்பாகவே நிற்கும்.

பேசும் படம் வந்ததும் சிக்கல். பிலிம் ஓரத்து ஒலிப்பட்டை வழியாகப் பாயும் வெளிச்சத்தைத்தான் போட்டோசெல் சத்தமாக்கும். சாயம் அந்த வெளிச்சத்தைக் குடித்துவிட்டால்? 1929-ல் கோடாக் கம்பெனி இதற்கென்றே ‘சோனோகுரோம்’ என்று தனிப் பிலிம் கொண்டுவர வேண்டியதாச்சு.

எப்படி முக்கினாலும் ஒரு காட்சிக்கு ஒரு நிறம்தான். முகமும் நீலம், சேலையும் நீலம். நிஜக் கலருக்கு நீலம், பச்சை, சிவப்பு வெளிச்சத்தைத் தனித்தனியே பிடிக்கும் மூன்று அடுக்குப் பிலிம் வேணும். அதை வைத்து ஓரிரு காட்சி மட்டும் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்த காலத்தில், சுந்தரம் முழுப் படத்தையே துணிந்து எடுத்தார். 1956-ல் வந்த ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’, பெல்ஜியத்து கேவாகலரில். வெளிநாட்டுப் பிலிம்; வேகம் குறைவு; அதனால் விளக்கு நிறைய வேணும், சூடும் அதிகம். விளக்குக்கென்று தயாரித்த பிலிமை வெயிலில் அப்படியே ஓட்டினால் எல்லாம் நீலம் பாய்ந்துவிடும். லென்சுக்கு ஆரஞ்சு பில்டர் மாட்டணும். கணக்குத் தப்பினால் பணம் போச்சு. 1961-ல் ‘கண்டம் பெச்ச கோட்டு’ மூலம் மலையாளத்துக்கும் முதல் கலர் படம் கொடுத்தார். 1963-ல் காலமானார், வயது 56தான்.

சின்ன வயசில் ஒரு கொட்டகையில் அலிபாபா பார்த்தேன். எம்.ஜி.ஆர். முகம் முதல் குகை வரை செம்மண் பூசின மாதிரி இருந்தது. ஆபரேட்டரைத் திட்டினோம். பாவம், அவர்மேல் தப்பில்லை. பழைய கலர் பிரிண்டில் நீலப்பச்சைச் சாயம் சீக்கிரம் வெளுத்துவிடும், மிஞ்சுவது சிவப்பு. சாயம் படித்தவர் எடுத்த படத்துக்கே இந்த கதி! அவருடைய ‘மந்திரி குமாரி’ (1950) மாதிரிக் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதில் இருப்பது வெள்ளி.

ஏற்காடு போகும் நண்பர்கள் சேலத்தைத் தாண்டும்போது வண்டியை மெதுவாக விடுங்கள். ஸ்டுடியோ போய்விட்டது, அந்த வளைவு வாசல் மட்டும் ரோட்டோரம் நிற்கிறது.