உப்பினால் உள்ளம் தெளிவித்தவர்

உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்பர் நம்மவர். நாவுக்குச் சுவை தரும் உப்பைப் போலவே, கொந்தளிக்கும் உள்ளத்திற்கு அமைதி தரும் உப்பும் ஒன்றுண்டு. அதுவே லித்திய உப்பு. மனநோய் மருத்துவத்தில் அதற்கு நிலையான இடம் தேடித் தந்தவர் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட்.

விக்டோரியா மாநிலத்தின் முர்ட்டோவா என்னும் சிற்றூரில் 1912-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். தந்தையும் மருத்துவர், முதல் உலகப் போரில் பணியாற்றி மனம் சோர்ந்து திரும்பியவர். பின்னர் அவர் மனநோய் மருத்துவமனைகளில் பொறுப்பேற்றார். அவ்வளாகங்களிலேயே வளர்ந்த ஜானுக்கு, உலகம் அஞ்சி ஒதுக்கிய நோயாளிகள் அண்டை வீட்டாராயினர்.

1942-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. அங்குப் படை மருத்துவராயிருந்த கேட், சாங்கி முகாமில் மூன்றரை ஆண்டுகள் சிறையிருந்தார். மனநோய்க்கும் உடலில் வேர் இருத்தல் வேண்டும் என்ற எண்ணம் அங்கே வலுப்பெற்றது.

விடுதலைக்குப் பின் மெல்போர்ன் அருகே பண்டூரா மருத்துவமனையில், பயன்படாது கிடந்த சமையற்பொருள் அறையொன்றே அவரது ஆய்வுக்கூடமாயிற்று. யூரிக் அமிலத்தைக் கரைப்பதற்காக லித்திய உப்பைச் சேர்த்துக் கினிப் பன்றிகளுக்குச் செலுத்தினார். துள்ளித் திரிந்தவை அடங்கிக் கிடந்தன! அது நஞ்சேறியதன் மயக்கமாகவும் இருக்கலாம் என்பது பின்னோர் கருத்து. கேட் அம்மருந்தை முதலில் தாமே உண்டு பார்த்தார். 1948 மார்ச்சில், ஐந்தாண்டுகளாக வெறிநிலையில் தவித்த ஒருவருக்கு அளித்தார். சில மாதங்களில் அவர் வீடு திரும்பினார். 1949-இல் பத்து நோயாளிகளின் வரலாறு மருத்துவ இதழில் வெளிவந்தது.

ஆனால் கதை அங்கே இனிதாக முடியவில்லை. அதே முதல் நோயாளி 1950-இல் லித்திய நஞ்சினாலேயே மாண்டார். அமெரிக்காவிலோ, சோடிய உப்பை விலக்கிய இதய நோயாளர்கள் அதற்கு மாற்றாக லித்தியக் குளோரைடைச் சோற்றில் தூவி உண்டனர், சிலர் உயிரிழந்தனர்.

காரணம் யாது? சிறுநீரகம் லித்தியத்தைச் சோடியத்தின் உடன்பிறப்பாகவே நடத்துகிறது. உடலில் சோடியம் குறைந்தால், அதைச் சிக்கனமாய்த் திரும்ப உறிஞ்சுகிறது. கூடவே லித்தியத்தையும் தேக்கிக் கொள்கிறது. சான்பாடாவின் மே மாதப் புழுக்கத்தில் ஓயாது வியர்ப்பவருக்கும், வயிற்றுப்போக்குற்றவருக்கும், திடீரென உப்பைக் குறைத்தவருக்கும் இவ்வாபத்து உண்டு. நெடுநாள் உண்போர் சிலருக்குத் தாகமும் சிறுநீரும் மிகும். இரத்தத்தில் கால்சியம் ஏறும். தைராய்டு சுரப்பு குறையும்.

வழி காட்டியது அளவை. மெல்போர்னில் டிரவுட்னர் குழுவினர் 1951-இல் இரத்த லித்தியத்தை அளந்து காட்டினர். டென்மார்க்கின் மோகன்ஸ் ஷூ 1954-இல் முறையான சோதனையால் அதன் பயனை நிறுவினார். அமெரிக்க அரசு 1970-இல் இசைந்தது. கேட் 1980-இல் மறைந்தார். இன்று லிட்டருக்கு ஏறத்தாழ 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை காப்பதே பொதுவான நெறி; 1.5-ஐத் தாண்டினால் நஞ்சு நெருங்குகிறது.

அமுதுக்கும் நஞ்சுக்கும் இடையே உள்ள தொலைவு இவ்வளவே! நம் இல்லங்களில் மனநோயைப் பேயென்றும் பழியென்றும் மறைக்கும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. அதுவும் உடல்நோய் போல மருந்துக்குக் கட்டுப்படும் என்று காட்டியவர் கேட். நோயுற்றோரைக் கைவிடாத நெஞ்சமும், மருந்தை அளந்து கொடுக்கும் கையும் ஒருங்கே வேண்டும். அறிவியல் பயிலும் நாம் அவர் வாழ்வில் கற்க வேண்டிய பாடம் இதுவன்றோ!