ஊரே தேடிய எழுத்தாளர்... யாரும் கவனிக்காத பாட்டி! - அகதா கிறிஸ்டி மிஸ் மார்ப்பிளை உருவாக்கிய கதை

இங்கிலாந்தில் ஒரு குட்டி கிராமம். சர்ச், போஸ்ட் ஆபீஸ், தோட்டம் வைத்த வீடுகள், சாயங்காலமானால் டீ பார்ட்டி. அங்கே பாதிரியார் வீட்டு அறையில் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டுக் கிடக்கிறார். போலீஸ் வருகிறது, விசாரிக்கிறது, குழம்புகிறது. கடைசியில் கொலையாளியைக் கண்டுபிடிப்பது பக்கத்து வீட்டில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருக்கும் ஒரு பாட்டி!

'கோஸி மிஸ்டரி' என்ற பெயரில் இன்று ஓடிடியில் நாம் பார்க்கும் பல சீரிஸ்களுக்கு இதுதான் டெம்ப்ளேட். ரத்தம் தெறிக்காது. சேஸிங் கிடையாது. துப்பறிபவருக்கு யூனிஃபார்மும் இல்லை, சம்பளமும் இல்லை. இந்த டெம்ப்ளேட்டை உலகம் முழுக்கக் கொண்டுசேர்த்தவர் அகதா கிறிஸ்டி. அந்தப் பாட்டியின் பெயர் மிஸ் மார்ப்பிள். அகதாவின் வாழ்க்கையில் மிக மோசமான வருடம் 1926. மிஸ் மார்ப்பிள் பிறந்தது அதற்கு அடுத்த வருடம்.

யார் இந்த அகதா கிறிஸ்டி?

1890 செப்டம்பர் 15 அன்று, இங்கிலாந்தின் கடற்கரை ஊரான டார்க்கீயில் பிறந்தவர் அகதா மேரி கிளாரிஸா மில்லர். பெரும்பாலும் வீட்டிலேயே படிப்பு. 11 வயதில் அப்பாவை இழந்தார். 1914-ல், முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, விமானப் படை அதிகாரி ஆர்ச்சிபால்டு கிறிஸ்டியைத் திருமணம் செய்துகொண்டார்.

போர்க்காலத்தில் சொந்த ஊர் மருத்துவமனையில் தன்னார்வ நர்ஸாக வேலை பார்த்தார். பிறகு மருந்து கொடுக்கும் பிரிவுக்கு மாறினார். எந்த மருந்து எத்தனை சொட்டு தாண்டினால் விஷமாகும் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டார். அவருக்குப் பயிற்சி கொடுத்த மருந்தாளுநர் ஒருவர், எப்போதும் பாக்கெட்டில் க்யூராரே என்ற கொடிய விஷத்தின் கட்டி ஒன்றை வைத்திருப்பாராம். அது இருந்தால் தான் பலசாலி என்று தோன்றுகிறது என்பது அவர் சொன்ன காரணம்! பார்க்கச் சாதுவாக இருக்கும் மனிதருக்குள் என்னவெல்லாம் இருக்கும் என்பது அகதாவுக்கு அப்போதே புரிந்துவிட்டது.

துப்பறியும் கதையெல்லாம் உன்னால் எழுத முடியாது என்று அக்கா மேட்ஜ் சீண்டிவிட, வீம்புக்கு எழுதியதுதான் முதல் நாவல். பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பிய அந்த நாவல், 1920-ல் 'தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்' என்ற பெயரில் வெளியானது. பெல்ஜியம் நாட்டுத் துப்பறிவாளர் ஹெர்க்யூல் போய்ரோ அறிமுகமானது இதில்தான்.

அந்த 11 நாட்கள்

1926 ஏப்ரலில் அம்மா இறந்தார். அந்தத் துக்கத்திலிருந்து மீள்வதற்குள், தான் வேறொரு பெண்ணைக் காதலிப்பதாகச் சொல்லி விவாகரத்து கேட்டார் கணவர்.

டிசம்பர் 3 இரவு, 7 வயது மகள் தூங்கிக்கொண்டிருக்க, அகதா காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மறுநாள் சர்ரே பகுதியில் ஒரு சரிவில் கார் மட்டும் நின்றது. உள்ளே அவருடைய கோட் இருந்தது. அவர் இல்லை.

நாடே தேட ஆரம்பித்தது. போலீஸாருடன் ஆயிரக்கணக்கான பொதுமக்கள் புதர்களில் அலசினார்கள். குளத்தில் தேடினார்கள். விமானங்கள் பறந்தன. ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயிலோ, அகதாவின் கையுறையை ஆவிகளோடு பேசும் ஒருவரிடம் கொடுத்துக் குறி கேட்டார்! கணவர் மீதும் சந்தேகம் திரும்பியது. பத்திரிகைகளுக்கு அது தினம் தினம் தலைப்புச் செய்தி.

டிசம்பர் 14 அன்று, ஹாரோகேட் என்ற ஊரின் ஹோட்டலில் அகதா கண்டுபிடிக்கப்பட்டார். அடையாளம் கண்டது ஹோட்டலின் இசைக்குழுவினர். அங்கே அவர் பதிவு செய்திருந்த பெயர் மிஸஸ் நீல். கணவர் காதலித்த பெண்ணின் குடும்பப் பெயரும் நீல்தான்.

நினைவு தப்பிவிட்டது என்றார்கள் டாக்டர்கள். பப்ளிசிட்டி ஸ்டன்ட் என்றார்கள் பலர். மனம் உடைந்த ஒரு பெண்ணின் துயரம் ஊருக்கே பொழுதுபோக்கானது. பிறகு எழுதிய சுயசரிதையில் அந்த 11 நாட்களைப் பற்றி அகதா ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. 1928-ல் விவாகரத்து ஆனது.

மிஸ் மார்ப்பிள் எப்படிப் பிறந்தார்?

1927 டிசம்பரில் வெளியான ஒரு சிறுகதையில்தான் மிஸ் மார்ப்பிள் முதலில் வருகிறார். முதல் நாவல் 'தி மர்டர் அட் தி விகாரேஜ்', 1930-ல். ஊர், செயின்ட் மேரி மீட் என்ற கற்பனைக் கிராமம்.

அகதா தன் பாட்டியிடமும் பாட்டியின் தோழிகளிடமும் பார்த்த குணங்கள் மார்ப்பிளில் இருக்கின்றன. யாரைப் பார்த்தாலும் முதலில் மோசமாகவே நினைப்பது, அது பெரும்பாலும் சரியாகவே இருப்பது என்பது அந்தப் பாட்டியின் ஸ்பெஷல்.

மார்ப்பிளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. வேலை இல்லை. அதிகாரம் இல்லை. அன்றைய சமூகத்தில் இப்படி ஒரு வயதான பெண்ணை யார் மதிப்பார்கள்? அதுதான் அவருடைய ஆயுதம். அவர் முன்னால் எல்லோரும் சகஜமாகப் பேசுவார்கள். தோட்டத்தில் களை பிடுங்கியபடியே, யார் எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் போனார்கள் என்று கவனிப்பார். கையில் பைனாகுலர் இருந்தால், பறவை பார்க்கிறேன் என்பார்.

சந்தேகத்துக்குரிய ஒருவரைப் பார்த்ததும், ஊரில் பொய்க்கணக்கு காட்டிய கடைக்காரரோ, திருடி மாட்டிய வேலைக்காரப் பெண்ணோ நினைவுக்கு வருவார்கள். மனித சுபாவம் எங்கேயும் ஒன்றுதான் என்பதே அவருடைய ஒரே ஃபார்முலா. நாட்டின் கண்களெல்லாம் தன்மேல் மொய்த்ததை அனுபவித்த ஒருவர், அடுத்த வருடமே யார் கண்ணிலும் படாத ஒரு துப்பறிவாளரைப் படைத்தார்!

அதற்குப் பிறகு?

1930-ல் தன்னைவிட 13 வயது இளையவரான தொல்லியல் ஆய்வாளர் மேக்ஸ் மாலோவனை மணந்தார். சிரியா, ஈராக் அகழாய்வுகளுக்குக் கூடவே போனார். மொத்தம் 66 துப்பறியும் நாவல்கள். 1952-ல் லண்டனில் தொடங்கிய 'தி மவுஸ்ட்ராப்' நாடகம், கொரோனா கால இடைவெளி தவிர இன்றும் ஓடுகிறது.

அந்த மருந்தக அறிவு ஓர் உயிரையும் காப்பாற்றியது. 1961-ல் வந்த 'தி பேல் ஹார்ஸ்' நாவலில் தாலியம் விஷத்தின் அறிகுறிகளைத் துல்லியமாக எழுதியிருந்தார். 1977-ல் லண்டன் மருத்துவமனையில், டாக்டர்களுக்கே பிடிபடாத நோயோடு கிடந்த ஒரு குழந்தையைப் பார்த்து, அந்த நாவலைப் படித்துக்கொண்டிருந்த நர்ஸ் ஒருவர் தாலியமாக இருக்கலாம் என்று சொன்னார். அது சரியாக இருந்தது. குழந்தை பிழைத்தது.

அதைக் கேட்க அகதா உயிரோடு இல்லை. 1976 ஜனவரி 12 அன்று, வாலிங்ஃபோர்டு என்ற சிற்றூரில் இருந்த தன் வீட்டில் 85 வயதில் காலமானார்.

போய்ரோவைக் கடைசி நாவலில் சாகடித்த அகதா, மார்ப்பிளை மட்டும் விட்டுவைத்தார். அகதா இறந்த பிறகு வெளியான 'ஸ்லீப்பிங் மர்டர்' நாவலின் முடிவில், வழக்கம்போல வழக்கை முடித்துவிட்டு அந்தப் பாட்டி நலமாக இருக்கிறார்.