ஈ.கோலைக்குப் பெயர் தந்த குழந்தை டாக்டர்: யார் இந்த எஷெரிக்?

மந்தாரக்குப்பத்துல ஒரு அம்மாவுக்கு எட்டாம் மாசமே பிரசவம் ஆயிடுச்சுன்னு வச்சுக்குவோம். குழந்தை நேரா இன்குபேட்டருக்குப் போகும். எடை, மூச்சு, உடல்சூடு எல்லாத்தையும் டாக்டர்கள் பார்ப்பாங்க. அதே நேரத்தில் குழந்தையின் குடலில் பாக்டீரியாக்கள் குடியேறத் தொடங்கியிருக்கும். பிறந்த குழந்தைகளிடம் இந்தக் குடியேற்றத்தை விரிவாக ஆராய்ந்த முன்னோடி, தியோடர் எஷெரிக்.

யார் இவர்?

1857-ல் ஜெர்மனியின் அன்ஸ்பாக் நகரில் பிறந்தார். அப்பாவும் டாக்டர். சின்ன வயசிலேயே அம்மா இறந்துட்டாங்க. 1884-ல் இத்தாலியின் நேப்பிள்ஸில் காலரா பரவியபோது, அதை ஆராயப் போனார். ஐரோப்பாவில் வயிற்றுப்போக்கால் கைக்குழந்தைகள் கொத்துக் கொத்தாக இறந்த காலம் அது.

என்ன கண்டுபிடித்தார்?

மியூனிக் திரும்பியவர், பச்சிளம் குழந்தைகளின் மலத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். பிறந்ததும் வெளியேறும் கரும்பச்சை மலத்தில் அவருக்குக் கிருமிகள் தென்படலை. ஆனா, ஒரே நாளுக்குள் பாக்டீரியாக்கள் வந்துடுச்சு! தாய்ப்பால் குடிக்க ஆரம்பித்ததும் அவற்றின் வகையும் மாறியது. 1885-ல் அவர் அடையாளம் கண்ட ஒரு பாக்டீரியாதான், அவர் இறந்த பிறகு அவர் பெயரால் 'எஷெரிக்கியா கோலை' ஆனது. சுருக்கமா, ஈ.கோலை. இதில் பல வகைகள் நம்ம குடலில் தொல்லை தராமல் வாழ்பவை.

தாய்ப்பாலுக்காக ஒரு போராட்டம்

1902-ல் வியன்னா போனார். அடுத்த வருஷமே கைக்குழந்தைகளைக் காக்க ஒரு சங்கம் தொடங்கி, தாய்ப்பாலை வலியுறுத்தினார். ஊர்க் குழந்தைகளுக்காக உழைத்தவர், தன் மகனை 10 வயசில் குடல்வால் நோய்க்குப் பறிகொடுத்தார். 1911-ல், 53 வயதில் அவரும் காலமானார்.

இன்னைக்கு ஏன் முக்கியம்?

குறைமாதக் குழந்தையின் குடல் முதிராதது. ஆன்டிபயாடிக், சிசேரியன், ஐசியூ சூழல் எல்லாம் சேர்ந்து, நல்ல பாக்டீரியா குடியேறுவதைத் தாமதமாக்கலாம். குடல் திசுவே அழுகும் ஆபத்தான நோய் இவர்களைத்தான் அதிகம் தாக்குகிறது. அந்த ஆபத்தைக் குறைப்பது தாய்ப்பால். அம்மாவுக்குப் பால் போதலைன்னா, தானமாகப் பெற்றுப் பதப்படுத்திய தாய்ப்பால் கைகொடுக்கும். புதுச்சேரி ஜிப்மரில் 'அமுதம்' தாய்ப்பால் வங்கி இருக்கு. தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகள் பலவற்றிலும் இந்த வசதி உண்டு.

கவனிங்க: 'நல்ல பாக்டீரியா' மருந்துன்னு கடையில் விற்கும் புரோபயாடிக்கை, டாக்டர் சொல்லாம குறைமாதக் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது. அதுவே ரத்தத்தில் கலந்து உயிருக்கு ஆபத்தாகலாம்.